பெங்குவின் காலும் காளான் வேரும்

சின்னமனூரில் ஃபைபர் பெங்குவின் வார்க்கும் பட்டறை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது சும்மா எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் பெங்குவின் செய்தவள் என்றதும் அச்சைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். ஒரு கையால் தூக்கிவிட்டேன்! நாங்கள் செய்த சிமெண்ட் பெங்குவினை நகர்த்த நாலு ஆள் வேண்டும், அந்த நாலு பேரும் காலையில் வயிறாரச் சாப்பிட்டிருக்கவும் வேண்டும். "என் முதுகு போனதுக்கப்புறம் வந்தியாக்கும்" என்று அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு கவிழ்த்துப் பார்த்தேன்.

"ஏத்தா, இதுக்குக் காலு எங்கன?"

"அடியில எப்பிடியும் சிமெண்ட வச்சுப் பொதைக்கத்தேன போறாக பெரியம்மா. காலு என்னத்துக்கு?" என்றாள் ஒருத்தி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதே பதிலை இதே தெனாவட்டோடு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லி நாலு நாள் கழித்து என் மேஸ்திரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "எழுதிக் குடுங்க பெரியம்மா, பட்டறைச் செவுத்துல ஒட்டி வைக்கிறோம்" என்றார்கள். சுவர் கொள்ளுமோ கொள்ளாதோ, எழுதிவிட்டேன்.

என் பெயர் ஈஸ்வரி. எட்டாவது வரைக்கும் படித்தேன். கல்யாணமான மறு வருடம் சித்தாளாகச் சாந்துச் சட்டி தூக்கப் போனேன். சன்னாசி மேஸ்திரியின் வேலைக்களத்தில் ஒருநாள் பெயிண்டர் வரவில்லை. காய்ந்துபோன ஒரு மான் கண்ணில்லாமல் நின்றது. யாரும் கேட்காமலே நான் அதற்குக் கண் வைத்துவிட்டேன். மேஸ்திரி வந்து பார்த்தார். பயந்து போய் நின்றேன். அவர் மறுநாளிலிருந்து சட்டியைப் பிடுங்கிக்கொண்டு பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டார். அதுதான் நான் கற்ற லட்சணம்.

எங்கள் வேலை பூங்காச் சிலைகள். பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, திருமண மண்டபம், எங்கெல்லாம் நாலு செடி வைத்துப் புல் போட்டார்களோ அங்கெல்லாம் எங்களைக் கூப்பிட்டார்கள். மான், முயல், கொக்கு எல்லாம் செய்வோம். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டுதான். வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பெங்குவின் குப்பைத்தொட்டி ஒன்று. அடியில் உட்கார்ந்துகொள்ள வசதியாகக் காளான் குடை ஒன்று. இந்த இரண்டும் எந்த ஊரில் சேர்ந்து நிற்கும், எதற்காகச் சேர்ந்து நிற்கும் என்று நாங்களும் கேட்டதில்லை, செய்யக் கேட்டவர்களும் சொன்னதில்லை. செய்து முடித்தால் நெஞ்சில் 'உபயம்' என்று போட்டு, பணம் கொடுத்தவர் பெயரை எழுதுவோம். செய்தவர் பெயரை யார் எழுதப்போகிறார்கள்? நாங்களும் எழுதியதில்லை.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு கட்டுவார். அதன்மேல் கோழிவலையைச் சுற்றுவார். சாந்தை மூன்று பூச்சாகப் பூசுவார். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைத் தொட விடமாட்டார். பிறகு ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டுவார். வேலை முடிந்ததும் சிலையைச் சுற்றி நடந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுப்பார். எங்காவது பொக்கென்று சத்தம் வந்தால் அந்த இடத்தை உடைக்கச் சொல்வார். பாராட்டு என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. என் வேலை ரொம்பப் பிடித்துப்போனால் மட்டும் என் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு போய் டர்பன்டைன் ஊற்றித் தன் கையாலேயே கழுவித் தருவார். நான் சேர்ந்ததிலிருந்து அந்தப் பள்ளிக்கூட வேலை வரைக்கும் நாலு தடவை கழுவியிருந்தார். நாலு தடவையும் எந்தச் சிலைக்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

அவருக்கு ஒரே ஒரு குறை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல மாட்டார். தலையே போனாலும் சொல்ல மாட்டார். பெங்குவினை அவர் பழைய நோட்டுப் புத்தக அட்டையைப் பார்த்துத்தான் கற்றார். அந்த அட்டையில் பெங்குவினின் இடுப்புக்குக் கீழே பெயர் எழுதும் கட்டம் வந்துவிட்டது. அதனால் எங்கள் பெங்குவின் எல்லாவற்றுக்கும் இடுப்புக்குக் கீழே உருண்டையான ஒரு பீடம்தான். கீழே என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால், "அவ்வளவுதேன் அது" என்பார்.

காளான் விஷயத்தில் குற்றவாளி நான். சேர்ந்த புதிதில், முதல் காளான் குடைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். எனக்கு மனசே வரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்த ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் சிவப்புக் காளான், மேலே வெள்ளைப் புள்ளிகள், பார்த்திருந்தேன். அத்தனை அழகு! அப்படியே அடித்துவிட்டேன். மேஸ்திரி வந்து நின்றார்.

"ஈஸ்வரி, செவப்புல எங்கனயாவது காளான் பாத்திருக்கியா?"

வேலை போய்விடும் என்று பயம். வாயில் வந்ததைச் சொன்னேன். "என்னண்ணே இப்பிடிக் கேக்குறீக? வெசக்காளான் பூராம் செவப்பாத்தேன் இருக்கும். நல்ல காளான்தேன் வெள்ளையா இருக்கும். இதுகூடவா தெரியாது?"

'இதுகூடவா தெரியாது' என்று கேட்டேன் பாருங்கள், அதில் விழுந்தார். "தெரியாம என்ன? ஒன்னயச் சோதிச்சுப் பாத்தேன்" என்று போய்விட்டார். மறு வாரம் வேறொரு ஊரில், மண்டபத்துக்காரரிடம் அதே வார்த்தையைத் தன் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு போகிற ஊரெல்லாம் சொன்னார். இருபத்தைந்து வருடம் கேட்டுக் கேட்டு, நான் விட்ட புளுகை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். கூத்தைப் பாருங்கள்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. வழக்கம்போல ஒரு பெங்குவின், ஒரு காளான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெங்குவினுக்கு இரண்டு பூச்சு முடிந்திருந்தது, மாதிரிக்கு ஒரு கையில் மட்டும் நீலம் அடித்து வைத்திருந்தேன். காளானுக்குக் கம்பிக்கூடு மட்டும் நின்றது. மதியச் சோற்று நேரத்தில் மல்லிகா டீச்சர் வந்தார். பயாலஜி எடுப்பவர், பெரியகுளத்துக்காரர். கையில் தடிப்புத்தகம்.

"அக்கா, இது எந்தப் பெங்குவின்?"

"பெங்குவின்ல என்ன எந்தப் பெங்குவின்? பெங்குவின்தேன்."

"அதுல எத்தனையோ வகை இருக்குக்கா. நீலத்துல ஒண்ணு இருக்கு, ஆனா அது நம்ம முழங்காலுக்குக்கூட வராது. நீங்க நெஞ்சு ஒசரத்துக்குக் கட்டிட்டீங்க. அப்ப இது பேரரசப் பெங்குவின். அதுக்கு முதுகு கருப்பு, காதோரம் மஞ்சள் வரணும். சரி, இதுக்குக் கால் எங்க?"

அப்போதுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். அடியில் சிமெண்டில் புதைக்கத்தானே போகிறோம், கால் எதற்கு என்று. டீச்சர் கோபப்படவில்லை. வேப்பமரத்தடியில் எங்கள் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தை விரித்தார்.

படத்தில் பனி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அதில் நூற்றுக்கணக்கான பெங்குவின்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. "இதெல்லாம் ஆம்பளைங்க" என்றார் டீச்சர். பெட்டை முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு இரைதேடப் போய்விடுமாம். கூடு கட்டக் குச்சி ஏது, மண் ஏது? அதனால் சேவல் முட்டையைத் தன் கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே நிற்குமாம். முட்டை பனியில் விழுந்தால் போச்சு.

"சாப்பாடு?" என்றார் மேஸ்திரி. அவர் கையில் சோற்று உருண்டை இருந்தது.

"கிடையாது."

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமும். குஞ்சு பொரிச்சப்புறம் தாய் வந்து, வயித்துல கொண்டுவந்ததக் கக்கி ஊட்டும்."

மேஸ்திரி கையிலிருந்த சோற்றைப் பார்த்தார், பெங்குவினைப் பார்த்தார். சாப்பிடுவதா வேண்டாமா என்று அவர் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சாப்பிட்டுவிட்டார்.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். "இப்ப நம்ம ஊருப் புத்துக்காளான். பாத்திருப்பீங்களே?"

பார்க்காமல் என்ன? மழை பெய்து வெயில் அடித்தால் கரையான் புற்றடியில் கூட்டமாகக் குடை விரிக்கும். நடுவில் ஒரு கூர் இருக்கும். ஆனால் டீச்சர் காட்டியது மண்ணுக்குக் கீழே இருப்பதை. காளானின் கால் வேர்போல நீண்டு, முழங்கை ஆழத்துக்கும் கீழே இறங்கி, புற்றுக்குள் கரையான் வைத்திருக்கும் தோட்டத்தில் போய் முடிந்தது. தோட்டம்தான், நிஜமான தோட்டம்! கரையான் இலையையும் கட்டையையும் மென்று கொண்டுவந்து குவித்து, அதில் இந்தக் காளானை வளர்க்கிறதாம். காளான் அதைப் பக்குவம் பண்ணிக் கொடுக்கக் கரையான் தின்கிறதாம். ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

"அது பறவை, ஆனா பறக்காது. இது செடி மாதிரி நிக்கும், ஆனா செடி இல்ல. அது பனிக்குள்ள, இது நம்ம கரட்டு மண்ணுக்குள்ள. வெளிய பாத்தா ரெண்டுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா ரெண்டுலயும் விஷயம் காலடியிலதான் இருக்கு. அது யாருக்காக நிக்குது, இது யாரால நிக்குது, ரெண்டும் காலைப் பாத்தாத்தான் தெரியும். நீங்க ரெண்டுக்கும் காலையே வெட்டிட்டீங்களே அக்கா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெங்குவினை நாங்கள் கண்டதே இல்லை, அதைத் தப்பாகச் செய்ததை ஒத்துக்கொள்ளலாம். மழைக்கு மழை பார்க்கிற காளானை ஏன் தப்பாகச் செய்தோம்? அந்தக் கேள்வி என்னைத்தான் குத்தியது, ஏனென்றால் சிவப்பு என்னுடையது. டீச்சரோ சிவப்பைப் பற்றி இன்னும் கேட்கவே இல்லை. கேட்டுவிடுவாரோ என்று பெயிண்ட் டப்பாவைச் சாக்கால் மூடினேன்.

பெங்குவினுக்குக் கால் வைப்பது, காளானுக்கு வேர் வைப்பது என்று முடிவாயிற்று. பெங்குவினின் வாயை மூடிவிடலாம், பறவை எங்காவது குப்பை தின்னுமா என்றும் டீச்சர் கேட்டார். ஹெச்.எம். ஒப்புக்கொள்ளவில்லை. "குப்பைத்தொட்டிக்குத்தான் பணம் வந்திருக்கு, வாய் இருக்கட்டும்" என்றார். அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்.

மேஸ்திரிக்கு மட்டும் உள்ளுக்குள் புகைந்தது. டீச்சர் போனதும், "படிச்சது வேற, பாத்தது வேற. காளானப் பத்தி எனக்கே பாடமா?" என்றார். மூன்று நாளும் அதையே முணுமுணுத்தார்.

நாலாம் நாள் காலை. எனக்குக் கந்த சஷ்டி விரதம். வேலைக்களத்துக்கு வந்தபோது கல்லடுப்பிலிருந்து சட்டி இறங்கியிருந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் மணத்தது. மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இராத்திரி மழையில் மைதானத்துப் புல்லில் வெள்ளை வெளேரென்று தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறது. பறித்து, மண்ணோடு காலை அறுத்துப் போட்டு, சமைத்து, ஒரு ஆளாகவே முழுச்சட்டியையும் வழித்துவிட்டார்.

"ஒனக்கு விரதமாப் போச்சே. பாலு மாதிரி வெள்ள! ஒரு புள்ளி இல்ல. டீச்சர் வரட்டும், சொல்றேன்" என்றார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வெள்ளை நல்லது என்று நானும்தானே நம்பினேன்.

பத்து மணி இருக்கும். பெங்குவினின் மூக்குக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "என்னண்ணே?" என்றேன். பதில் சொல்வதற்குள் வாந்தி. விடவே இல்லை. முகம் சாம்பல் பூத்துவிட்டது. என் கத்தலைக் கேட்டு மல்லிகா டீச்சர் ஓடிவந்தார். காலையில் அவர் காளான் தின்றதைச் சொன்னேன். ஆட்டோவைப் பிடித்து வாட்ச்மேனோடு மேஸ்திரியைச் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் ஏறப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க போகாதீங்கக்கா. அவர் என்ன தின்னாருன்னு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

உடனே அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துல வாந்தி வந்தது ஒரு வகையில நல்லதுதானாம். ஆளக் கொல்ற காளான் உடனே காட்டாது, அரை நாள் கழிச்சு, ஈரலப் பிடிச்சப்புறம்தான் காட்டுமாம். ஆனா ரெண்டு வகையும் கலந்து தின்னுருந்தா? அதத்தான் கேக்குறாரு. காளான் வேணும்."

வெள்ளை நல்லது என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த மனுசனுக்கு ஏதாவது ஆனால் அது என் கையால் ஆனதுதான். மைதானத்துக்கு ஓடினோம். மனிதர் வேலையில் மட்டுமா சுத்தம், ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. சட்டியையும் கழுவிக் கவிழ்த்திருந்தார். அடுப்பைச் சுற்றித் துணுக்குகூட இல்லை.

"அறுத்துப் போட்டத எங்க போட்டாரு?" என்றார் டீச்சர்.

குப்பையை அவர் எங்கே போடுவார்? நான் திரும்பிப் பெங்குவினைப் பார்த்தேன். அது வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மூக்கில் பூச்சு இன்னும் ஈரம். ஒரு வார வேலை. போனால் போகட்டும் என்று தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். மூக்குப் பெயர்ந்து விழுந்தது. வெங்காயச் சருகு வந்தது, காகிதம் வந்தது, அப்புறம் குளிர்ந்து நொளுக்கென்று கையில் பட்டது. அள்ளி அள்ளி டீச்சர் முந்தானையில் போட்டேன். ஒன்றுகூடப் பிசகாமல் அத்தனை காளானின் காலும் வந்தது. லேசாக அடிபட்டதென்று அவர் ஒதுக்கிய முழுக்குடை ஒன்றும் வந்தது. சாந்தும் கண்ணீருமாக நின்ற என்னைப் பார்த்து, "பெங்குவின் கக்கிடுச்சுக்கா!" என்றார் டீச்சர். அந்த நேரத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்ததுதான் அதிசயம்.

ஆய்வகத்து மேசையில் கால்களை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தார். நீண்ட வேர் ஒன்றுக்குமில்லை, ஆகவே புற்றுக்காளான் அல்ல. கொல்லும் ஜாதிக்கு அடியில் உடைந்த முட்டைத்தோடுபோல ஒரு பை இருக்குமாம். அதுவும் ஒன்றுக்குமில்லை. எல்லாம் ஒரே மாதிரி, அடி கொஞ்சம் புடைத்து, தண்டில் மோதிரம்போல ஒரு வளையம்.

"எல்லாம் ஒரே வகைதான். இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றார். கருப்புச் சார்ட் பாதி, வெள்ளைத் தாள் பாதியாக ஒட்டச் சொன்னார். வெட்டி ஒட்டினேன். குடையின் காம்பை நறுக்கி, விசிறி மடிப்பு இருக்கும் பக்கம் கீழே வரும்படி அந்த இரண்டு நிறத்தின்மேலும் கவிழ்த்தார். உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினார். "குடையிலேருந்து தூள் உதிரும். அது வெள்ளையா இருந்தா நான் பயப்படுவேன். பச்சையா இருந்தா மேஸ்திரி பொழச்சாரு. பச்சை விழுகுற காளான் வயித்தப் பொரட்டிப் போடும், ஆனா நேரத்துக்கு மருந்து ஏறிட்டா உயிர எடுக்காது. நாலஞ்சு மணி நேரமாச்சும் ஆகும்."

என் ஆயுசில் எத்தனையோ டப்பா பெயிண்ட் திறந்திருக்கிறேன். ஒரு நிறத்துக்காக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான். முருகா, பச்சை கொடு, ஒரு விரல் நுனி அளவு பச்சை கொடு, இனிமேல் தெரியாத எதையும் தெரிந்த மாதிரிப் பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். டீச்சர் நடுநடுவே வகுப்புக்குப் போய்ப் போய் வந்தார். நான் அசையவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்தது. டீச்சர் கிண்ணத்தை எடுத்து, குடையை இரண்டு விரலால் தூக்கினார்.

வெள்ளைத் தாளில் பச்சை! சக்கரத்துக் கம்பிகள்போல வரிவரியாக, வெளிறிய பாசிப் பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் கலக்கியதில்லை. டீச்சரைக் கட்டிக்கொண்டேன். அவர் சேலையெல்லாம் என் கைச் சாந்து. அவர் டாக்டருக்குப் போன் போட்டு, "பச்சை சார், பச்சை!" என்று கத்தினார்.

மூன்றாம் நாள் மேஸ்திரி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அண்ணே, வெசக்காளான் செவப்பாத்தேன் இருக்கும், வெள்ள நல்லதுன்னு சொன்னேன்ல? அது நானா விட்ட புளுகுண்ணே. வாழ்த்து அட்டையப் பாத்து ஆசப்பட்டு அடிச்சேன். நீங்க கேட்டதும் பயந்துபோயிச் சொல்லிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இருவத்தஞ்சு வருசமாவா?"

"ஆமாண்ணே."

"நானும் ஊரு ஊராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே?"

"ஆமாண்ணே."

அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. வலிப்புதான் வந்துவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடக் கதவுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஏ ஆத்தா, ஒன்னயச் சொல்லி என்ன? அன்னைக்கே 'எனக்குத் தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்'னு நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். வாயில வந்துச்சா பாரு" என்றார். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வந்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "டீச்சர், பெங்குவினுக்குக் காலு விரலு எத்தன? எனக்குத் தெரியாது" என்பதுதான். நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெங்குவினுக்குப் புது மூக்கு வைத்தோம், வாயை அப்படியே திறந்தே விட்டோம். டீச்சரே விடச் சொன்னார். காலடியில் முட்டை வைத்தோம், அதன்மேல் வயிற்று மடிப்பைச் சரித்துவிட்டோம். காதோரம் மஞ்சளை நான் மூன்று தடவை கலக்கினேன். புற்றுக்காளானுக்குப் பக்கத்தில் மண்ணை வெட்டித் திறந்ததுபோல ஒரு பள்ளம் கட்டி, வேர் இறங்கிப் போவதைக் காட்டினோம்.

அத்தோடு வேலை முடிந்தது என்று சாமானைக் கட்டினேன். மேஸ்திரி சாந்து குழைத்துக்கொண்டே இருந்தார். "இன்னொண்ணு இருக்கு. இது நம்ம உபயம்" என்றார். புல்வெளியில் தான் பறித்த அதே இடத்தில், தான் தின்ற காளானை முழங்கால் உயரத்துக்குச் செய்தார். மேலே வெள்ளை. குனிந்து அடியில் பார்த்தால் மட்டும் பச்சை. அந்தப் பச்சையை நான் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். முன்னால் புத்தகம் விரித்ததுபோல ஒரு சிமெண்ட் பலகை வைத்தார். என் கையெழுத்துதான் அழகு என்பதால் என்னை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

'விஷக்காளான். மேலே வெள்ளை. குனிந்து பார்த்தால் பச்சை. காலில் வேர் இல்லை. தெரிந்தவரைக் கேட்காமல் எந்தக் காளானையும் தின்னாதீர்கள். தின்றவர்: சன்னாசி மேஸ்திரி.'

அவர் பலகைக்கு முன்னால் குந்தி, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.

"ஒரு வரி கொறையுது."

"என்னண்ணே?"

"புளுகுனது யாருன்னு போடு."

பிரஷ்ஷைத் தோய்த்து எழுதினேன்: 'புளுகியவர்: ஈஸ்வரி.'

கடைசிப் புள்ளியை வைத்து நான் எழுந்ததும், கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, டர்பன்டைன் டப்பாவைத் தேடிப் போனார். ஐந்தாவது தடவை.